ஐன்ஸ்டீனுக்கும் பரீட்சை உண்டு!



முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். முதலாம் ஆண்டு பிசிக்ஸ் லேபில் தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவி ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு வந்தது 10.8. புத்தகத்தில் இருப்பதோ 9.8. நான் என்ன செய்தேன்? ரப்பரை எடுத்தேன். ரீடிங்கை அழித்தேன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 9.8 வருகிற மாதிரி எழுதி வைத்தேன். ரெக்கார்டில் முழு மார்க்! சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் இதையே செய்திருப்பீர்கள்.

அதே ஈர்ப்பு விசையை உலகத்தில் வேறு சிலரும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நூலும் குண்டும் போதாது. கருந்துளைகள் வேண்டும்!

1915-ல் ஐன்ஸ்டீன் தந்த பொதுச் சார்பியல் கொள்கை இன்றுவரை எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை. ஆனாலும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. அண்டங்களின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள், கணக்குப்படி போகவேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது என்பது பெரும்பாலோர் கட்சி. ஈர்ப்புக் கொள்கையையே திருத்த வேண்டும் என்பது சிலர் கட்சி. அப்படித் திருத்திய கொள்கைகள் நிறைய உண்டு. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? ஈர்ப்பு மிகக் கடுமையாக உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அந்த இடம்தான் கருந்துளை.

எப்படிப் பார்ப்பது? பூதப்பாண்டியில் எங்க அம்மா மண்பானை வாங்கும்போது விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாள். சத்தத்தை வைத்தே கீறல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அடிபட்ட கருந்துளையும் இப்படித் தனக்கென ஒரு சுரத்தில் அதிர்ந்து அடங்கும் என்று 1970-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஸ்வரா. ஐன்ஸ்டீன் சொன்னது சரியென்றால், அந்தச் சுரங்கள் அத்தனையையும் தீர்மானிப்பது இரண்டே எண்கள்: நிறையும் சுழற்சியும். ஒரு சுரம் ஒரு நிறையையும், இன்னொரு சுரம் வேறு நிறையையும் சொன்னால், பானையில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம்!

2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பிடித்தன. மோதலுக்கு முந்திய அலையும் பிந்திய அலையும் ஒரே விடையைத் தருகிறதா என்று ஒப்பிடும் சோதனையை வகுத்ததில், பெங்களூர் ஐ.சி.டி.எஸ். நிறுவனத்தின் பி. அஜித்துக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் பங்குண்டு. சென்னை அருகே சிறுசேரியில் கே.ஜி. அருண் போன்றோரும் இதே வேலையில் இருக்கிறார்கள். 2025 ஜனவரி 14-ல் இன்னும் தெளிவான அலை கிடைத்தது. இரண்டு சுரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. ஐன்ஸ்டீன் மறுபடியும் பாஸ்!

"பாஸ் ஆனால் நமக்கென்ன லாபம்? வேலை கிடைக்குமா?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு குழாய்கள், உள்ளே காற்று இருக்கவே கூடாது. வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போச்சு! இது நம்ம மாதிரி ஆட்கள் கை வைக்கிற வேலை இல்லையா?

ஆனால் என் கருத்து அதோடு முடியவில்லை. இந்தக் கருவி அளப்பது புரோட்டான் விட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவை. அங்கே ஒருவர் "எதிர்பார்த்த விடை"க்காக ரப்பரை எடுத்தால் எல்லாமே வீண். அதனால்தான் 2010-ல் ஒருசிலர் மட்டும் அறிய ஒரு பொய் அலையைக் கருவிக்குள் செலுத்தி, மற்ற விஞ்ஞானிகளைச் சோதித்தார்கள். மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரையும் எழுதிய பிறகுதான் உண்மையை உடைத்தார்கள். தன்னையே சோதிக்கிற துணிச்சல் அது!

எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மண்டியில் சுமடு தூக்குகிறார். "மார்க்கு குறைஞ்சிரக் கூடாது மக்கா" என்பதுதான் அவர் தினமும் சொல்வது. ரப்பரை எடுக்கவைத்தது அந்தப் பயம்தான். போன மாதம் அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முத்திரை குத்துன எடைக்கல்லையே தவணை தவணையா சோதிக்கானுவ. நீ எதுக்கு மக்கா அழிச்ச?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்த 10.8 எப்படி வந்தது என்று இப்போது தெரியும். குண்டை விட்டதுமே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன். "பூஜ்யம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். 19 அலைவின் நேரத்தை 20-ஆல் வகுத்தால் 10.8 தான் வரும்! என் ரீடிங் பொய் சொல்லவில்லை. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடை ஒத்துப்போவதற்கு மட்டுமல்ல, ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவதற்கும் மார்க் கொடுங்கள். நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று: ஐன்ஸ்டீனையே விட்டுவைக்காத உலகம் இது. அடுத்த லேபில் ரப்பரைப் பையிலேயே வைத்துவிட்டு வருவோமா?

— இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், பூதப்பாண்டி