மறைக்க வேண்டாத முகங்கள்

உளநோயிலிருந்து மீண்ட பெண்களை அவரவர் தொழிலுடன் படமெடுத்து வந்த என் தோழி காலமாகிவிட்டாள். மிகுதியை நான் தொடர்கிறேன். சம்மதமின்றி எடுக்கக்கூடாது, சம்மதித்தால் முகத்தை மறைக்கக்கூடாது என்பன அவளது நிபந்தனைகள்.

தையல் வேலை செய்யும் பெண்ணொருத்தி மறுத்துவிட்டாள். "நான் குளிசை குடிக்கிறது தெரிஞ்சால் தங்கச்சியின்ர கலியாணம் குழம்பிடும், அக்கா." நான் வற்புறுத்தவில்லை. நீரிழிவுக்குக் குளிசை குடிப்பதை எவரும் ஒளிப்பதில்லையே!

அங்கொடை மனநோய் வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகமானது. "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்ற ஏளனம் மட்டும் நம் வாயிலிருந்து போகவில்லை. அதற்கு அஞ்சியே பலர் வைத்தியரிடம் செல்லப் பிந்துகின்றனர். உதவி தேவைப்படுவோர் அந்நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

அந்தப் பெண் கமராவின் முன் வருவது, சம்பந்தம் பேசும் நம் கையில்தான் இருக்கிறது.