கட்டிச் சவர்க்காரமே போதும்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடையாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். இன்று கடையில் கட்டியும் உண்டு. போத்தலில் திரவச் சவர்க்காரமும் உண்டு. கை கழுவ எதை வாங்குவது?

போத்தலில் பெரும்பங்கு தண்ணீரே. அதற்கும் நாம் காசு கொடுக்கிறோம். பலர் தொடும் கட்டியால் நோய் பரவும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். கிருமி பூசிய கட்டியால் கழுவியோரின் கைகளில் அக்கிருமி ஒட்டவில்லை என 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறாக, மிச்சம் பிடிக்கவெனத் திரவத்தில் தண்ணீர் கலந்தால் அதில் கிருமி வளரக்கூடும்.

ஆகவே கட்டியையே வாங்குவோம். துளையிட்ட சிரட்டையில் வைத்தால் நீர் வடிந்து நெடுநாள் வரும். மலசலகூடம் போய்வந்த பின்னும், பிள்ளைக்குச் சோறூட்டுமுன்னும் 20 விநாடி தேய்த்துக் கழுவுவோம். வயிற்றோட்டம் குறையும். மிஞ்சும் காசு பிள்ளையின் கொப்பிக்கு உதவும்.