மாமியாரின் முதுகு வலி

கேள்வி: ஐந்து வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் என் மாமியார். இரண்டு மாதமாக முதுகு வலி. வயசான வலிதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கேனில், முதுகெலும்பில் ஓரிடத்தில் நோய் பரவியிருக்கிறதாம். "இரண்டே நாள் கரண்ட் வைத்தால் போதும்" என்கிறார் டாக்டர். முன்பு இருபத்தைந்து நாள் வைத்தார்களே! பேரன் அவர் மடியை விட்டு இறங்கமாட்டான். அவனைத் தள்ளி வைக்க வேண்டுமா?

பதில்: பேரன் மடியிலேயே இருக்கட்டும், சகோதரி! நாம் 'கரண்ட்' என்கிறோமே தவிர, அது சக்தி மிகுந்த எக்ஸ்ரே கதிர்தான். மெஷின் நின்றால் கதிரும் நின்றுவிடும். உடம்பில் தங்காது, யாருக்கும் ஒட்டாது.

பழைய முறையில் சுற்றியுள்ள நல்ல பாகங்களிலும் கதிர் விழும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடிந்தது. இப்போது ஸ்கேன் படங்களை வைத்துக் கணக்கிட்டு, பல திசைகளிலிருந்து குறி பார்த்துப் பாய்ச்சுகிறார்கள். நோயுள்ள எலும்புக்கு அதிகம். பக்கத்திலேயே இருக்கும் தண்டுவடத்துக்கு அது தாங்கும் அளவு மட்டுமே. ஆகவே மாமியார் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 229 பேரிடம் நடத்தி, 2021-ல் வெளியான ஆய்வில், இப்படி 2 தடவையில் 24 கிரே கொடுத்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மூன்றாம் மாதம் வலி முழுக்க நின்றிருந்தது. பழைய முறையில் 5 தடவையில் 20 கிரே கொடுத்தவர்களில் 14 பேருக்குத்தான். ஆனால் ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்து 2023-ல் வெளியான ஆய்வில் பழைய முறையை இது மிஞ்சவில்லை. யாருக்கு எது ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இது அந்த இடத்துக்கான சிகிச்சைதான். மற்ற மருந்துகளை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் சில நாள் வலி கூடலாம். பயப்பட வேண்டாம், அதற்கு மாத்திரை உண்டு. சிலருக்குப் பின்னால் அந்த எலும்பு நசுங்குவதும் உண்டு. ஆகவே பேரனைக் குனிந்து தூக்காமல், உட்கார்ந்தபடியே கொஞ்சட்டும். தண்ணீர்க் குடமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நடை நின்ற பிறகு போனால் அதை மீட்பது கஷ்டம்.

மற்ற சகோதரிகளுக்கும் சொல்கிறேன்: எப்போதோ புற்றுநோய் வந்து குணமானவர் முதுகு வலி என்றால், தைலத்தோடு நின்றுவிடாதீர்கள். படுத்தாலும் விடாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி என்றால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.