வறட்சிக் காப்பீடு நிலமில்லாதவரையும் காக்கட்டும்

மழை பொய்த்தால் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, சிட்டாவும் அடங்கலும் காட்டிப் பதிவு செய்தவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வாலாஜாபேட்டை வட்டாரத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் கூலியாட்களின் பெயர் அந்தப் பாலிசியில் இருக்காது. போரிலிருந்து தப்பி வந்து வேலூர் மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் நிலையும் அதுவே. அவர்களுக்கு மாதப் பணக்கொடை உண்டு. ஆனால் அது மழைக் கணக்கைப் பார்த்துக் கூடுவதல்ல.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10-ல் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு பெரும்பாலும் அறுவடைப் பரிசோதனை முடிந்த பிறகே முடிவாகும். கூலியோ விதைப்பு நின்ற அன்றே நின்றுவிடுகிறது.

ஆப்பிரிக்க ஒன்றியம் உருவாக்கிய 'ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெப்பாசிட்டி' அமைப்பு, வறட்சிக் காப்பீட்டை அரசுகளுக்கே விற்கிறது. செயற்கைக்கோள் காட்டும் மழையைக் கொண்டு பாதிப்பைக் கணித்துப் பணம் தருகிறது. ஒவ்வொரு வயலாக அளக்க ஆள் போக வேண்டியதில்லை. அரசின் பாலிசிக்கு இணையாக ஐ.நா. உலக உணவுத் திட்டமும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆயுத மோதலில் சிக்கிய மாலியில், 2021 பருவம் பொய்த்தபோது அப்படிக் கிடைத்த இழப்பீடு உணவு உதவிக்குப் பயன்பட்டது. பட்டா கேட்காத காப்பீடு இது.

குறை இல்லாமல் இல்லை. 2016-ல் மலாவி வறண்டு கிடந்தபோது, கணினிக் கணிப்பு இழப்பீடு தேவையில்லை என்றது. விவசாயிகள் குறுகிய கால மக்காச்சோளம் விதைத்திருக்க, கணிப்பில் நீண்ட கால ரகம் இருந்தது. திருத்திய பிறகே 81 லட்சம் டாலர் வந்தது. வாலாஜாவுக்கும் இந்த ஆபத்து உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிய பாலாற்றங்கரைக் கிணறு, மழைமானி திருப்தியாக இருக்கும் ஆண்டிலும் பயிரைக் காப்பாற்றாது. எனவே நிலத்தடி நீரின் அளவும் தரமும் கணக்கில் சேர வேண்டும்.

தமிழக அரசே இத்தகைய பாலிசி எடுத்து, இழப்பீட்டை ரேஷன் கடை வழியே கூடுதல் அரிசி, பருப்பாக நிலமற்றோருக்கும் முகாம்களுக்கும் தர வேண்டும். பிரீமியம் வீண் என்ற முணுமுணுப்பு எழும். 2006-ல் எத்தியோப்பியாவுக்காக உலக உணவுத் திட்டம் 9.3 லட்சம் டாலர் கட்டி, 71 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுத்தது. அவ்வாண்டு மழை பெய்ததால் இழப்பீடு வரவில்லை. அதை நஷ்டக் கணக்கில் எழுதுவது தவறு. நாகாலாந்து போன்ற சிறு மாநிலமே பேரிடருக்கு இவ்வகைக் காப்பீடு எடுத்திருக்கும்போது, தமிழ்நாடு நிதியைக் காரணம் காட்ட முடியாது.