மூர்க்கம் மாட்டில் இல்லை, அடைப்பில் இருக்கிறது

நாட்டு மாட்டை விற்பவர்கள் சொல்லும் காரணங்களில், பால் குறைவு என்பதற்கு அடுத்தபடியாக வருவது இதுதான்: "கிட்டக்கவே அண்ட விடலைங்க." பர்கூர் மாடு, புலிக்குளம் கிடைமாடு என்றாலே மூர்க்கம் என்று ஒரு பேச்சு. தடுப்பூசி போட வந்தவர் நாலு பேர் பிடிச்சும் முடியாமத் திரும்பிப் போகிறார். அப்புறம் கோமாரி வந்தபின் கையைப் பிசைகிறோம். சினைமாட்டைக் கயிறு போட்டு இழுத்துக் கீழே சாய்க்கிறோம். மாட்டுக்காரருக்கு விலா எலும்பு போகிறது. பழி மட்டும் இனத்தின் மேல் விழுகிறது. கடைசியில் அந்தப் பழியோடு சேர்ந்து மாடும் சந்தைக்குப் போய்விடுகிறது.

இந்தப் பழி பொய் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக, மாட்டைவிடப் பல மடங்கு மிரளுகிற ஒரு விலங்கைக் கூப்பிடுகிறேன். மான்.

"மானை வளர்க்கலாமா?" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் புள்ளிமானும் கடமானும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அது அப்படியே இருக்கட்டும். நான் சொல்ல வருவது நியூசிலாந்து உழவர்கள் மானுக்காகத் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட அடைப்பைப் பற்றி.

அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லை. 19-ம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளையர்கள் வேட்டைக்காகச் செம்மானைக் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன புலி, சிறுத்தை கிடையாது. பெருகிப்போய்க் காட்டையே மொட்டையடிக்க ஆரம்பித்தது. 1930-களில் அரசே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துச் சுட்டது. 1960-களில் ஹெலிகாப்டரில் இருந்து சுட்டு இறைச்சியை ஏற்றுமதி செய்தார்கள். 1970-களில் உயிரோடு பிடித்து வேலிக்குள் விட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் இருந்து வலை வீசிப் பிடித்த காட்டு மான்கள்தான் அந்தப் பண்ணைகளின் தாய் மந்தை. 2000-களின் தொடக்கத்தில் பண்ணை மான்களின் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வேலி போடுவது சுலபம். ஆறு அடிக்கு மேல் உயரமாகக் கம்பிவலை அடித்தால் மான் உள்ளே நிற்கும். ஆனால் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், காசநோய் சோதனை செய்ய வேண்டும், காதில் அட்டை மாட்ட வேண்டும். அதற்கு மானைக் கையால் தொட வேண்டுமே! ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருந்த கம்பிச் சட்ட அடைப்பு மானுக்கு உதவாது. சட்டத்துக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால், அதுதான் வழி என்று மான் பாயும். காலை முறித்துக்கொள்ளும், கழுத்தை முறித்துக்கொள்ளும். காயமே படாவிட்டாலும், அளவு மீறித் துரத்தப்பட்ட மான் தசை நொந்து சில நாள் கழித்துக்கூடச் செத்துப்போகும்.

இந்த இடத்தில் அவர்கள் 'மான் மூர்க்கமானது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக மானின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள். அங்கே இன்றைக்கும் நிற்கிற அடைப்புகளின் அடிப்படை அதுதான்.

முதலில், இடைவெளி இல்லாத பலகைச் சுவர், ஆள் உயரத்துக்கும் மேலே. வெளியே தெரியாவிட்டால் பாயத் தோன்றாது. அடுத்து இருட்டு. கூரை போட்டு வெளிச்சத்தைக் குறைத்த அறைக்குள் மான் அடங்கி நிற்கிறது. மூன்றாவது, மேய்ச்சல் நிலத்தில் இருந்து வரும் நடைபாதை. அகலமாக ஆரம்பித்துக் குறுகிக்கொண்டே வரும். வழியில் ஒரு வளைவும் இருக்கும். முட்டுச்சந்து என்று தெரிந்தால் மான் திரும்பிவிடும். வளைவுக்கு அப்பால் வழி இருப்பதாக நினைத்து நடந்துகொண்டே இருக்கும். நான்காவது, சின்னச் சின்ன அறைகளில் நாலைந்து மானாகப் பிரித்து நிறுத்துவது. எந்த மானையும் தனியாக விடமாட்டார்கள், தனித்துப்போனால் பதறிவிடும்.

கடைசியில் பிடிகூண்டு. இரண்டு பக்கமும் மெத்தை வைத்த பலகை, கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். மான் உள்ளே வந்ததும் தரைப்பலகை கீழே இறங்கும். உடம்பு இரண்டு பலகைக்கும் நடுவே தாங்கி நிற்கும், காலுக்குப் பிடிமானம் இருக்காது. உதைக்காது, துள்ளாது. ஊசி போட்டு முடித்ததும் கதவைத் திறந்தால் நடந்து போய்விடும். இப்போது ஹைட்ராலிக் கூண்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனாலும் பலகையும் கீலும் கயிறும் வைத்து வீட்டிலேயே செய்தவை நிறையப் பண்ணைகளில் ஓடுகின்றன.

கட்டடம் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். ஒரு வேலையும் இல்லாத நாளிலும் மந்தையை அந்த வழியாக நடத்திக்கொண்டு போய்த் தீனி வைப்பார்கள். கத்தமாட்டார்கள். கொம்பு முற்றிய ஆண்மான்களை, இனச்சேர்க்கைக் காலத்தில் அடைப்புக்குள் கொண்டுவரமாட்டார்கள். குட்டி போடும் காலத்தில் பெண்மானைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

அந்தத் தொழிலில் எல்லாமே நமக்கு உடன்பாடு என்று சொல்லவில்லை. முற்றாத கொம்பை அறுத்து மருந்துக்காக விற்பது அங்கே பெரிய வருமானம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டனிலோ அப்படி அறுக்கவே தடை. அந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நேற்றுவரை காட்டில் திரிந்த ஒரு விலங்கை, கயிறும் தடியும் இல்லாமல் ஒன்றிரண்டு பேர் கையாள முடிகிறது என்றால், பல தலைமுறையாக நம்மோடு வாழும் மாட்டை ஏன் முடியாது? எனக்கு வேண்டிய சாட்சி அவ்வளவுதான்.

மாட்டிடம் இதே வேலையைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின். மாடு போகும் வழியில் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் பார்த்து, எது மிரட்டுகிறது என்று கண்டுபிடித்தவர். தொங்கும் சங்கிலி, வேலியில் போட்ட சட்டை, தரையில் விழுந்த நிழல்கோடு, தேங்கிய தண்ணீரின் மினுமினுப்பு. இதில் ஒன்று இருந்தாலே மாடு நின்றுவிடும். நாம் வாலை முறுக்குவோம். சட்டையை எடுத்தால் போதும், மாடு தானாக நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மான் அடைப்பின் வரைபடத்தை அப்படியே எடுத்துவந்து மாட்டுக்குக் கட்டினால் வேலை கெட்டுப்போகும். மானுக்கு இருட்டு அமைதி. மாடோ வெயிலில் இருந்து இருட்டுக்குள் நுழையத் தயங்கும். வெளிச்சம் இருக்கும் பக்கம் நோக்கித்தான் நடக்கும். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது விலங்கைப் பார்க்கும் கண்ணைத்தான்.

அந்தக் கண்ணோடு நம்ம தோட்டத்தில் கட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருபது அடி நீளத்துக்கு ஒரு சந்து. நாலு மாடு வரிசையாக நிற்கும். கொம்புள்ள நம் மாட்டுக்கு, கீழே ஒன்றரை அடி, மேலே இரண்டரை அடி என்று விரிந்த வடிவம் நல்லது. மாடு திரும்ப முடியாது, கொம்பும் இடிக்காது. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், வேலமரத் தூண். தூணை மூன்றடி ஆழம் நடுங்கள். பக்கவாட்டில் தென்னங்கீற்றுத் தட்டியோ பழைய சாக்கோ கட்டி மறைத்துவிடுங்கள். ஆட்கள் நிற்பது மாட்டுக்குத் தெரியாது. மாட்டுக்குப் பின்னால் செருகி எடுக்க ஒரு குறுக்குக்கட்டை. தரையில் சொரசொரப்பு. ஆணி, கம்பி முனை எதுவும் உள்பக்கம் நீட்டக் கூடாது. ஆபத்து வந்தால் ஆள் நழுவி வெளியேற ஒரு சின்ன இடைவெளி கட்டாயம் வேண்டும்.

நடத்தும்போது மாட்டின் தோளைக் கவனியுங்கள். தோளுக்குப் பின்பக்கம் நீங்கள் நின்றால் மாடு முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நின்றால் அதன் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், உதை வாங்குவீர்கள். மாடு மேய்த்த நம் பாட்டன்மாருக்கு இது தெரியாத சங்கதி இல்லை.

"இருக்கிற ரெண்டு மாட்டுக்கு இது எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கணாங்கயிறு போட்டுக் கட்டுத்தறியில் வளர்த்த ரெண்டு மாட்டுக்கு வேண்டாம்தான். ஆனால் கிடை வைத்திருப்பவருக்கும், பட்டியில் இருபது முப்பது உருப்படி அடைப்பவருக்கும் இது முதல் செலவாக இருக்க வேண்டும். கொட்டகைக்கும் தீவனம் நறுக்கும் எந்திரத்துக்கும் மானியம் கேட்கிறோம். இதை யாரும் கேட்பதில்லை. தனியாகக் கட்ட முடியாவிட்டால் மந்தைவெளியில் ஊருக்கு ஒன்று போதும். தடுப்பூசி முகாம் நடக்கிற அன்றைக்கு அதன் அருமை தெரியும்.

மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஒருமுறை அடிபட்ட இடத்தை அது மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் மிரளும். அதைத்தான் நாம் மூர்க்கம் என்று எழுதிவைக்கிறோம். ரசாயனம் இல்லாமல் மண்ணை நடத்தக் கற்றுக்கொண்ட நாம், பயம் இல்லாமல் மாட்டை நடத்தவும் கற்றுக்கொள்ளலாம்.

கட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள் நண்பர்களே. ஒரு வாரம், காலையும் மாலையும் உங்கள் மாடு எந்த வழியில் தானாக நடக்கிறது, எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்று குறித்துவையுங்கள். சந்து எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.