டிப்பர் இழுக்கும் டிராக்டருக்குக் கார் ஆயில் கூலர் பொருந்துமா?

வேடசந்தூர் வட்டாரத்து வாசகர் ஒருவர் 45 குதிரைத்திறன் டிராக்டரில் டிப்பர் டிரெய்லர் மாட்டி எரு, தேங்காய், சோளத்தட்டை ஏற்றுகிறார். மதியத்துக்கு மேல் கியர் பாக்ஸில் கை வைக்க முடியவில்லையாம். டிப்பரும் மெதுவாகத்தான் தூக்குகிறதாம். பெரிய கார்களில் டிரெய்லர் இழுப்பதற்காக மாட்டும் டிரான்ஸ்மிஷன் கூலரை அவருடைய மகன் செல்போனில் பார்த்திருக்கிறார். அதை வாங்கி டிப்பருக்குப் போகும் ஆயில் ஹோஸில் கோக்கலாமா என்பது கேள்வி.

கூடாது. டிப்பரைத் தூக்கும்போது அந்த ஹோஸில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். கார் கூலரோ சில கிலோ அழுத்தத்துக்காகச் செய்தது. முதல் லோடிலேயே வெடித்து, சுடும் எண்ணெய் பக்கத்தில் நிற்பவர் மேல் பீய்ச்சும். தூக்கி நிற்கும் டிப்பர் தொட்டியும் அப்படியே கீழே வந்துவிடும்.

காருக்கு அந்தக் கூலர் எதற்கு? ஆட்டோமேட்டிக் கார்களில் பலவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற பாகம் உண்டு. அதில் ஒரு சக்கரம் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிர்ச் சக்கரத்தைச் சுற்றும். பாரத்தோடு மெதுவாக மேடு ஏறினால் சக்கரங்கள் வழுக்கி எண்ணெய் கொதிக்கும். டிராக்டரில் சாதாரணக் கிளட்ச்தான். பல்லோடு பல் கடித்து ஓடுகிறது. இழுப்பதால் மட்டும் அவ்வளவு சூடு வராது. அப்படியானால் சூடு வேறெங்கோ பிறக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். கையைச் சுட்டாலே கோளாறு என்றும் முடிவு கட்ட வேண்டாம். 60 டிகிரியிலேயே கை தாங்காது, எண்ணெய் 80 டிகிரி வரை தாங்கும்.

பெரும்பாலான டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள பல மாடல்களில் பிரேக்குக்கும் அதேதான். முதலில் டிப்பரை முழுதும் இறக்கிவிட்டு, சமதளத்தில் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். தொட்டி தூக்கி நிற்கும்போது பார்த்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வாடகை டிரெய்லர்களை மாற்றி மாற்றி மாட்டுகிறவர்கள் ஹோஸ் முனையைத் துடைக்காமல் செருகுவதால் மண் உள்ளே போய் வடிகட்டி அடைக்கிறது. மெதுவாகத் தூக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது லீவர். தொட்டி உச்சிக்குப் போன பிறகும் சிலர் லீவரை விடுவதில்லை. போக வழியில்லாத எண்ணெய் கீச்சென்ற சத்தத்தோடு ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பும். பம்பின் உழைப்பு முழுவதும் சூடாக மாறும். நாளைக்கு பத்து லோடு இப்படி அடித்தால் எந்த எண்ணெயும் தாங்காது. சூடு 10 டிகிரி கூடக்கூட எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது கணக்கு.

பிரேக்கைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பின் அச்சின் இரு பக்கமும் தொட்டுப் பார்த்தால், ஒரு பக்கம் கூடுதலாகச் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. உழவு முடிந்து ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லோடோடு ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பும், டிரெய்லர் மேலே ஏறும். நம் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுள்ள சிறுமலைப் பாதை மாதிரி சரிவில், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். எண்ணெய் அங்கேதான் கொதிக்கிறது. எந்தக் கூலரும் அதற்குப் பதிலாகாது.

எஞ்சின் முள்ளும் சேர்ந்து ஏறினால் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். சோளத்தட்டைத் தூசி முன்பக்கத்தை மெத்தை போல மூடிக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே காற்றடித்தால் போகும். முன்பக்கமிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் செருகும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடையும். கூலண்ட் வாங்கும் செலவு ரேடியேட்டர் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், கம்பெனி சர்வீஸ் மெக்கானிக்கிடம் வெப்பமானியால் அளக்கச் சொல்லலாம். சில பெரிய டிராக்டர்களில் கம்பெனியே ஆயில் கூலர் வைத்துத் தருகிறது. அந்த மாடலுக்கு உரியது இருந்தால் மட்டும் பொருத்தலாம்.

வாசகர் வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கி, சிறிய டிரெய்லரும் மாட்டும் எண்ணம் இருக்கிறதாம். எத்தனை கிலோ இழுக்கலாம் என்பதை வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டே கூலரைப் பற்றி யோசிக்கட்டும். கூலர் போட்டதால் அந்த எடை கூடாது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியானால் அடுக்குத் தகடு வகைக் கூலர் நல்லது. ரேடியேட்டரில் உள்ள கூலரைக் கழற்றாமல், அதிலிருந்து எண்ணெய் திரும்பும் வழியில் இதைக் கோக்க வேண்டும். டீசல் ஹோஸ் சூட்டில் பிளக்கும், எண்ணெய்க்கென்ற ஹோஸே போட வேண்டும். ஏ.எம்.டி. வண்டியில் இருப்பது சாதாரணக் கியர், சாதாரணக் கிளட்ச். அதற்குக் கூலர் தேவையே இல்லை.