ஷாப் டிராயிங் வெறும் சடங்கா?

கட்டடம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆர்க்கிடெக்ட் போட்ட பிளான்தான். ஆனால் இரும்பை எந்த நீளத்துக்கு வெட்டுவது, துளை எங்கே, போல்ட் எத்தனை என்று பட்டறைக்குச் சொல்வது ஷாப் டிராயிங். அதை வரைவது பட்டறைக்காரர்; சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டியது வடிவமைத்த பொறியாளர். இந்த ஒப்புதலை முத்திரை குத்தும் சடங்காக நினைப்பது எவ்வளவு ஆபத்து!

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். இரண்டாம் மாடி நடைபாலமும் அதற்கு நேர் மேலே நான்காம் மாடி நடைபாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாகத்தான் முதல் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போடுவது சிரமம் என்று ஷாப் டிராயிங்கில் கம்பி இரண்டானது. கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது. ஒரே கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவது வேறு, ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பாலத்து நட்டுகளில் சுமை இரு மடங்கானது. ஒப்புதல் முத்திரை விழுந்தது. அந்த இணைப்புக்குக் கணக்குப் போடப்படவில்லை. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமே விதிகள் கேட்ட பலத்துக்கு எட்டவில்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. அதாவது, ஷாப் டிராயிங்கை ஒழுங்காகப் பார்த்திருந்தால் பழைய தவறும் சேர்ந்தே பிடிபட்டிருக்கும். மாற்றம் பட்டறையில் வந்தது என்பது பொறியாளர்களைக் காப்பாற்றவில்லை. இருவர் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

அவசர வேலை என்பதெல்லாம் எல்லா சைட்டிலும் உண்டு. ஆனாலும் மாற்றியவர் மாற்றத்தை வட்டமிட்டுக் காட்டவேண்டும். முத்திரை வைப்பவர் அந்த இணைப்புக்குப் புதிதாகக் கணக்குப் போடவேண்டும். இரும்பை வெட்டுவதற்கு முன் தவறைத் திருத்தக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான்.